இரண்டு இறக்கை ஐனர்

ஐனர் டொஃப்டுக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது நாற்பத்தொன்பதாவது வயதில். அதுவரை வெஸ்டர்மோஸில் அவன் வெறும் கொல்லன்தான். கலப்பை முனை மழுங்கினாலும், டிராக்டர் அச்சு முறிந்தாலும், சர்ச் மணியின் நாக்கு கழன்று விழுந்தாலும் ஆட்கள் அவன் பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். ஐனர் பற்றவைத்த இடத்தில் மறுபடி உடையாது, வேறெங்காவதுதான் உடையும் என்பார்கள். டென்மார்க்கின் மேற்கு ஜட்லாந்தில் ஒரு மனிதனை அதற்குமேல் புகழ்கிற வழக்கம் கிடையாது. ஐனருக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

எண்ணெய்த் தட்டுப்பாடு வந்த குளிர்காலத்தில்தான் எல்லாம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கார் எடுக்கக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஜனங்கள் சர்ச்சுக்கு சைக்கிளில் வந்தார்கள். சிலர் குதிரையைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். ஐனர் வீட்டில் சமையலறையைத் தவிர எந்த அறைக்கும் சூடு கிடையாது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், கடலிலிருந்து வந்த காற்று கதவைத் திறக்க விடாமல் அழுத்திக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி குட்ரூன் இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு மேல் மூன்றாவதை மாட்டியபடி சொன்னாள்: “இவ்வளவு காத்து சும்மா போகுது. நாம இங்க வெறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்.”

அவள் அதைச் சொல்லிவிட்டு மறந்துபோனாள். ஐனர் மறக்கவில்லை.

பதினெட்டு மாதம் கழித்து, பட்டறைக்குப் பின்னால் இருந்த மேட்டில் அவனுடைய காற்றாலை நின்றது. இரண்டு இறக்கை. விமானத்தின் முன்னால் சுழலுமே, அதைப் போல மெலிந்து, நீண்டு, வேகமாகச் சுற்றுவது. ஒவ்வொரு இறக்கையையும் அவன் கையால் இழைத்து, கண்ணாடி நார் சுற்றி, மெருகேற்றியிருந்தான். ஜூன் மாதம் அதை ஓடவிட்ட நாளில் பக்கத்துப் பண்ணைக்காரன் ஓலுஃப் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். மேட்டில் நின்று குடித்தார்கள். அதன் மின்சாரம் இரவும் பகலும் பட்டறையைச் சூடாக்கியது. ஐனர் தன் வாழ்க்கையில் இவ்வளவு அழகான ஒன்றைச் செய்ததில்லை. வேலைக்கு நடுவே எதையாவது சாக்காக வைத்து வெளியே வந்து, கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போவான்.

நான்கு மாதம். அக்டோபரில் ஒரு காலை, பெரிய காற்றுகூட இல்லை, ஓர் இறக்கை அடியோடு முறிந்து பறந்தது. மற்றது ஒரு பக்கப் பாரத்தில் உதறி உதறி, தலையையே கோபுரத்திலிருந்து பிடுங்கிக் கீழே போட்டது. பறந்துபோன இறக்கை இருநூறு தப்படிக்கு அப்பால் ஓலுஃபின் தீவனக் கிழங்கு வயலில் குத்திட்டு நின்றது. ஓலுஃப் சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டு வந்தான்.

“உன் சாமான் ஒண்ணு என் கிழங்குல கெடக்கு,” என்றான். “அவசரமில்ல. அடுத்த வாரந்தான் தோண்டப் போறேன்.”

மறுநாளே கூட்டுறவுக் கடையில் அவன் பெயர் இரண்டு இறக்கை ஐனர் ஆகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தடவை பெயர் வைத்தால் அது கல்லறை வரை வரும், அவ்வளவுதான்.

பார்க்க வந்தவர்களில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள். சிலர் அனுதாபம் சொல்ல வந்தார்கள். கேள்வி கேட்க வந்தவன் ஒருவன் மட்டும்தான். வில்லஸ் பிரிங்க். பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். மோர்ஸ் தீவிலிருந்து பெண்டாட்டி ஆஸ்டாவோடு வந்து குடியேறிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் ஊருக்குப் புதியவனாகவே இருந்தவன். சிவந்த கன்னம், எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கும் வாய். அவன் சட்டைப்பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, சிதைந்து கிடந்த இரும்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, விரிசல் முதலில் எங்கே விட்டது, எந்தப் பக்கம் துருப்பிடித்திருக்கிறது, சுற்று நிமிடத்துக்கு எத்தனை என்று இரண்டு மணி நேரம் கேட்டான். ஐனர் எல்லாவற்றையும் சொன்னான். முறிந்த இறக்கையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று வில்லஸ் கேட்டபோது வண்டியில் ஏற்றவும் உதவினான். அன்றைக்கு அவனுக்கு அந்த மனிதனைப் பிடித்திருந்தது. பின்னாட்களில் அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்றரை வருடத்தில் வில்லஸின் காற்றாலை எழுந்தது. மூன்று இறக்கை. குட்டையாக, தடியாக, சினைப்பசு நடப்பது போல மெதுவாகச் சுற்றியது. அதில் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிற்கவில்லை. வீட்டு மின்கம்பியோடு அதை அவன் நேராக இணைத்திருந்தான். காற்று நன்றாக அடித்தால் மிஞ்சிய மின்சாரம் வெளியே ஓடி, சலவை அறையில் இருந்த மின்மீட்டர் பின்பக்கமாகச் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து, வரிசையில் நின்று, ஒரு மீட்டர் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாண வீட்டில்கூட இவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை என்று ஓலுஃப் வந்து சொன்னான். ஐனர் சாணைக்கல்லை ஓடவிட்டான்.

மூன்றாவது ஞாயிறு குட்ரூனும் போனாள். அத்தனை பேருக்கும் ஆஸ்டா ஒருத்தியே காப்பி போட்டு மாளவில்லை, பாவம் என்று ஒரு கேக்கைச் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்து தலைத்துணியை அவிழ்க்கும்போது ஐனர் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

“நல்லாத்தான் சுத்துது.”

ஐனர் ரொட்டியில் மீனை வைத்தபடி நிறுத்திவிட்டான். தன்னுடையது ஓடிய நான்கு மாதத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: சத்தம் கொஞ்சம் அதிகம். அன்றைக்குத் தொடங்கியது அவனுக்குள் அந்தக் காந்தல். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஓர் இடம், அங்கே யாரோ உலைத்துருத்தியை மெதுவாக அமுக்கி அமுக்கி விடுவது போல.

சமையலறை மேசையில் இருபத்திரண்டு வருடமாக அவன் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து பார்த்தால், மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு மேலே வில்லஸின் மூன்று இறக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து எழுந்து இறங்குவது தெரியும். ஒரு நாள் காலை ஐனர் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான். குட்ரூன் ஏன் என்று கேட்கவில்லை. அவன் இடத்தில் உட்கார்ந்து அவளே சாவகாசமாக வெளியே பார்த்தபடி காப்பி குடித்தாள். “காத்து வடமேற்குக்குத் திரும்பிருக்கு,” என்பாள். அவளுக்கு அது எப்படித் தெரிகிறது என்று அவனுக்குத் தெரியும். காலைக் கஞ்சி அவனுக்குக் கசந்துபோகும்.

அவனுடைய வழக்கு எளிமையானது. நான் விழுந்தேன், விழுந்த இடத்தை அளந்துகொண்டு இவன் தாண்டிவிட்டான். நான் சொன்ன கணக்கு, என் முறிந்த இறக்கை, என் துரு. வில்லஸ் இதை மறைத்திருந்தால் ஐனருக்குச் சுலபமாகப் போயிருக்கும். அந்த மனிதன் மறைக்கவில்லை. ஐனரிடம்தான் கற்றேன், அவர் விழாமல் இருந்திருந்தால் நான் விழுந்திருப்பேன் என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, வில்லஸ் எவ்வளவு பெருந்தன்மைக்காரன் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஆண்டு வில்லஸுக்கு வேலை கேட்டு ஆட்கள் வந்தார்கள். எனக்கு ஒன்று செய்து கொடு, என் மச்சானுக்கு ஒன்று. அவன் ஐனரின் பட்டறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இறக்கைகள் பொருந்தும் குடத்தையும் பெரிய அச்சையும் தலையைத் திருப்பும் கைப்பிடியையும் அடித்துத் தர முடியுமா என்று கேட்டான். முடியாது என்று சொல்லத்தான் ஐனர் வாயைத் திறந்தான். ஆனால் வேறு எவனோ ஊர் பேர் தெரியாத கொல்லன் அதை அரைகுறையாகச் செய்வதை நினைத்தபோது அதுவும் பொறுக்கவில்லை. செய்தான். பழி சொல்ல யாருக்கும் ஒரு மயிரிழை இடம் கொடுக்காத மாதிரி செய்தான். ஒவ்வொரு குடத்தின் உட்புறத்திலும், வெளியே தெரியாத இடத்தில், தன் பெயரின் முதல் எழுத்தைக் குத்தி வைத்தான்.

வேலைக்காக வில்லஸ் மொத்த வரைபடத்தையும் கொண்டுவந்து மேசையில் விரித்திருந்தான். ஐந்து நிமிடத்தில் ஐனருக்கு அது கண்ணில் பட்டுவிட்டது. பிரேக் சின்னது. சாதாரணக் காற்றுக்குப் போதும். ஆனால் புயல் நேரத்தில் மின்கம்பி அறுந்துபோனால், மின்சாரம் இழுக்கும் பாரம் இல்லாமல் காற்றாலைக்குப் பிடிமானம் போய்விடும். எல்லா வேகமும் அந்த ஒற்றை பிரேக் தகட்டின் மேல் வந்து விழும். அது எரிந்து தீர்ந்துவிடும். அதற்கு மாற்றும் ஐனரிடம் இருந்தது. தன்னுடையது உடைந்த அந்தக் குளிர்காலத்தில் உட்கார்ந்து யோசித்து வரைந்த தாள் மேசை இழுப்பறையில் கிடந்தது: இறக்கையின் நுனியை மட்டும் தனித்துண்டாக்கி ஒரு வில்லில் பிடித்து வைப்பது, வேகம் அளவு மீறினால் நுனி தானாக வெளியே இழுபட்டு, குறுக்கே திரும்பி, காற்றை முட்டி நிறுத்தும். மனிதன் தொடவே வேண்டாம்.

அவன் வரைபடத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். கேட்டால் சொல்லலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். வில்லஸ் கேட்கவில்லை. குடத்தைப் பற்றி மட்டும் கேட்டான், மகிழ்ச்சியாகப் போனான்.

நான்கு வருடத்தில் எங்கள் வட்டாரத்தில் மூன்று இறக்கைக் காற்றாலைகள் பதினொன்று சுற்றின. கடைசியாக வைத்தது ஓலுஃபின் வயலோரத்தில், இருபத்திரண்டு குடும்பங்கள் பங்கு சேர்ந்து வாங்கியது. பங்குக்காரர்களின் பட்டியல் கூட்டுறவுக் கடையில் ஒட்டப்பட்டபோதுதான் ஏழாவது பெயராகத் தன் மனைவி இருப்பதை ஐனர் படித்தான். வீட்டுக்கு வந்து எதற்கென்று கேட்டான். “ஒண்ணாவது நம்ம பக்கம் சுத்தட்டுமேன்னுதான்,” என்றாள் குட்ரூன், உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்குப்பின் நான்கு நாள் அவன் அவளிடம் காற்றைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ பேசவில்லை.

அந்த நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, புயல் வந்தது. காலையில் ஓடுகள் பறந்தன. பதினொரு மணிக்குப் பட்டறை விளக்கு அணைந்தது. எங்கோ கம்பி அறுந்துவிட்டது. சற்று நேரத்தில் ஐனர் அந்தச் சத்தத்தைக் கேட்டான். ஓலுஃபின் வயல் பக்கமிருந்து, முதலில் ஒரு முனகல், பிறகு மேலே மேலே ஏறுகிற ஊளை. பிடிமானம் இழந்த இறக்கைகளின் சத்தம். அவனுக்கு அது என்னவென்று விளக்க யாரும் தேவையில்லை. இறக்கை உடையப்போகிற சத்தத்தை ஆறு வருடத்துக்கு முன் தன் மேட்டிலேயே கேட்டவன். எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். அந்தத் துணியை மடித்து வைக்கிற நேரம் வரைக்கும் அந்த ஊளை அவனுக்கு இனித்தது. பிற்பாடு அவன் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டதில்லை, இனிக்கத்தான் செய்தது.

குட்ரூன் கோட்டு மாட்டாமல் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபுரத்துக்கு நேர் கீழே ஓலுஃபின் கொட்டகை இருக்கிறது, நாற்பது மாடு இருக்கிறது, ஓலுஃப் அவற்றை அவிழ்த்துவிட உள்ளே போயிருக்கிறான் என்றாள். ஐனர் பெரிய திருகுச்சாவியை எடுத்துக்கொண்டு சைக்கிளைக்கூடத் தேடாமல் நடந்தான், பிறகு ஓடினான்.

கோபுரத்தடியில் வில்லஸ் நின்றிருந்தான். முகம் சாம்பல் நிறம். மேலே பிரேக்கிலிருந்து வந்த புகையைக் காற்று கிழித்துக்கொண்டு போனது. மூன்று இறக்கைகள் என்று எண்ண முடியவில்லை. ஒரு சாம்பல் தட்டு மட்டும் தெரிந்தது. இரும்புச் சட்டம் முழுக்க நடுங்கியது, கையை வைத்தால் பல் கிடுகிடுத்தது. ஒரே வழிதான் இருந்தது. மேலே ஏறி, தலையைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்திருக்கும் சின்ன விசிறியின் பூட்டு ஊசியைப் பிடுங்கிவிட்டு, கைப்பிடியால் சுற்றிச் சுற்றித் தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். காற்று முகத்தில் அடிக்காமல் விளிம்பில் அடித்தால் வேகம் தானாக இறங்கும். அதற்குள் இறக்கை முறிந்தால் ஏறியவன் கதை முடிந்தது.

வில்லஸ் ஏணியில் காலை வைத்துவிட்டான். ஐனர் அவனுடைய தோளைப் பிடித்து இறக்கினான்.

“நீ பால் மெஷின்காரன். கீழ நில்லு.”

“இது என் மெஷின், ஐனர். நான்தான் போகணும்.”

“அந்தக் கைப்பிடிய அடிச்சவன் நான். எந்தப் பக்கம் இறுகும்னு எனக்குத்தான் தெரியும்,” என்று சொல்லிவிட்டு ஐனர் ஏறினான்.

பதினெட்டு மீட்டர். ஐம்பத்தைந்து வயது. பாதிவழியில் தொப்பி போனது, அதற்கு மேலே காது கேட்கவில்லை. மேல் தட்டில் மல்லாந்து படுத்தபடிதான் ஊசியை அடிக்க முடிந்தது. நான்காவது அடியில் வெளியே வந்தது. பிறகு கைப்பிடி. ஒரு சுற்றுக்குத் தலை அரை விரல் அகலம்கூட நகரவில்லை. அவன் எண்ணத் தொடங்கி, நூற்றிருபதில் எண்ணிக்கையை விட்டுவிட்டான். பயந்தானா என்று கேட்டவர்களிடம் நேரமில்லை என்றான். ஆனால் சுற்றுகிற நேரம் முழுக்க அவன் நினைத்துக்கொண்டிருந்தது மாடுகளையோ குட்ரூனையோ அல்ல. தன் இழுப்பறையில் கிடந்த அந்தத் தாளைத்தான். ஊளை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முனகலாகி, மூன்று இறக்கைகளும் மறுபடி மூன்றாகத் தெரிந்தபோது அவன் விரல்கள் கைப்பிடியிலிருந்து பிரிய மறுத்தன. பல்லால் பிரித்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. முழங்கையால் தட்டிப் பிரித்தான்.

ஓலுஃபின் சமையலறையில் காப்பியில் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள். எல்லோரும் பேசினார்கள், வில்லஸ் மட்டும் ஐனரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அது ஐனருக்குத் தாங்கவில்லை.

“பிரேக் பத்தாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றான் ஐனர்.

ஓலுஃப் சாராயப் பாட்டிலைப் பாதியில் நிமிர்த்தினான்.

“எப்போலேர்ந்து?” என்றான் வில்லஸ்.

“நீ மொதமொதல்ல படத்த விரிச்ச அன்னைலேர்ந்து. மாத்து வழியும் வரைஞ்சு வெச்சிருந்தேன்.”

“ஏன் சொல்லல?”

“நீ கேக்கல.”

வில்லஸ் கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தான். எழுந்து ஓலுஃபுக்கு நன்றி சொல்லிவிட்டு, புயலுக்குள் நடந்து போய்த் தன் வண்டியில் ஏறிக்கொண்டான். வீட்டில் ஐனரின் கைகளுக்குக் களிம்பு தடவிக் கட்டுப் போடும்போது குட்ரூன் சொன்னாள்: “ஓலுஃப் உள்ள இருந்தான்.” அவ்வளவுதான். அதைவிடக் கடுமையாக அவள் அவனிடம் வாழ்நாளில் எதுவும் சொன்னதில்லை.

மூன்று வாரம். பதினோரு காற்றாலைகளையும் வில்லஸ் நிறுத்தி, சங்கிலி போட்டுக் கட்டி வைத்தான். வேலை கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். சர்ச்சில் ஐனரைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போனான். ஐனர் தூக்கமில்லாமல் கிடந்தான். ஆனாலும் அவனாகப் போய்க் கதவைத் தட்ட முடியவில்லை. அது அவன் பிறந்த விதம். டிசம்பரில் ஒரு நாள் மதியம் பட்டறைக் கதவு திறந்தது. வில்லஸ் தொப்பியைக் கழற்றவில்லை.

“இப்போ கேக்கறேன்,” என்றான்.

ஐனர் இழுப்பறையைத் திறந்தான்.

அடுத்த கோடைக்குள் பதினோரு காற்றாலைகளின் முப்பத்து மூன்று இறக்கைகளுக்கும் நுனி வெட்டி வில் வைத்தார்கள். வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்து, பிரேக்கைத் தளர்த்தி, வேகம் ஏறவிட்டுப் பார்த்தார்கள். நுனிகள் ஒரே நேரத்தில் சடாரென்று குறுக்கே திரும்பின. இறக்கைகள் பெருமூச்சு விட்டு நின்றன. வில்லஸ் வயலில் நின்று சின்னப் பையன் போலக் கைதட்டினான். தன் வரைபடத்தில் பத்து நிமிடத்துக்குமேல் சந்தோஷப்பட ஐனரால் முடியவில்லை, ஏனென்றால் மாவட்டப் பத்திரிகையிலிருந்து ஆள் வந்துவிட்டான்.

வில்லஸ் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னான். யார் ஏறியது, யார் வரைந்தது, எல்லாம். பத்திரிகையில் வந்தது “வில்லஸ் பிரிங்க்கின் பாதுகாப்பான காற்றாலை” என்று. படத்தில் வில்லஸ் சிரித்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் ஒரு தோளும் பாதிக் காதும் தெரிந்தன. அது யாருடைய காது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். குட்ரூன் அதை வெட்டி வைத்துக்கொண்டாள். ஐனர் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாளா என்று தேடினான், கண்டுபிடிக்க முடியவில்லை.

வில்லஸ் தொழிற்சாலை கட்டினான், ஐனர் அதில் இரும்புப் பகுதிக்குத் தலைவனாகப் போனான். பங்குதாரனாக வா என்றுதான் வில்லஸ் கூப்பிட்டான், ஐனர் ஒப்புக்கு வேண்டாம் என்றான். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் ஐனர் ஒப்புக்கொண்டிருப்பான். வில்லஸ், பாவம், இல்லை என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறவன். ஆகவே ஒவ்வொரு காற்றாலையின் விலாவிலும் ஆளுயர எழுத்தில் பிரிங்க் என்று எழுதப்பட்டது. ஐனரின் எழுத்து குடத்துக்குள்ளேயே இருட்டில் கிடந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கேட்டார்கள். ஒரு வருடத்தில் அறுநூறு அனுப்பினார்கள். வில்லஸ் விமானத்தில் போய், மலை முழுக்கத் தன் பெயர் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, வெயிலில் பழுத்த முகத்தோடும் அகலத் தொப்பியோடும் வந்தான். ஐனரையும் கூப்பிட்டிருந்தான். ஒரே ஒரு தடவை.

அவர்கள் இருவரும் தினமும் ஒரே மேசையில் மதிய ரொட்டியைப் பிரித்தார்கள். ஐனர் குத்தலாக எதையாவது சொல்வான். வில்லஸ் அதை யோசனையாக எடுத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான். அவனுக்குப் பொறாமைப்படவே தெரியவில்லை. யாராவது தன்னைவிட நன்றாகச் செய்தால் அவனுக்கு முகமெல்லாம் விரிந்துவிடும். இப்படி ஒரு மனிதன் இருக்க முடியுமா என்று ஐனர் எட்டு வருடம் உற்றுப் பார்த்தான். கடைசியில் அந்தக் குணத்தின் மேலேயே அவனுக்குப் பொறாமை வந்துவிட்டது.

பிறகு அமெரிக்காவில் வரிச் சலுகை முடிந்தது. ஒரே குளிர்காலத்தில் கலிஃபோர்னியா வாங்குவதை நிறுத்தியது. முற்றத்தில் இறக்கைகள் விறகுக்கட்டைகள் போல அடுக்கிக் கிடந்தன. மார்ச் மாதம் நீதிமன்றத்து ஆள் வந்து தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டான். ஐனர் அந்த நாளைப் பத்து வருடமாகக் கற்பனை செய்து வைத்திருந்தான், வேறு வேறு விதமாக, சில விடியற்காலைகளில் மிக விவரமாக. வில்லஸ் வாசலில் நின்று ஒவ்வொரு தொழிலாளியின் கையையும் குலுக்கினான். ஐனரின் முறை வந்தபோது, “உன் நுனி பிரேக்க ஒரு பெரிய காத்தாலைக் கம்பெனி வாங்கிக்குது, அது அழிஞ்சு போகாது,” என்று மட்டும் சொன்னான். ஐனர் வீட்டுக்கு நடந்தான். சேர்த்து வைத்திருந்த சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தான். பையில் கைவிட்டால் ஓட்டை இருப்பது போலிருந்தது. குட்ரூனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கு வேண்டியதைவிட அதிகமாக உருளைக்கிழங்கு உரித்தான்.

பட்டறையை மறுபடி திறந்தபோது வேலை கேட்டு வந்த முதல் ஆள் வில்லஸ். ஐனர் அவனைச் சேர்த்துக்கொண்டான். உள்ளூர இப்போதாவது ஒரு சமன் கிடைக்கும் என்று நினைத்தான்: பலகையில் டொஃப்ட் என்று இருக்கிறது, சம்பளம் தருகிறவன் நான். மூன்றாவது நாள் எலும்பும் தோலுமாக ஒரு விவசாயி உடைந்த பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான், வாசலில் நின்ற ஐனரைத் தாண்டி எட்டிப் பார்த்து, “வில்லஸ் இல்லியா?” என்றான். நான்கு வருடம் அப்படியே நடந்தது. ஆட்கள் வில்லஸைத் தேடி வந்தார்கள், டொஃப்டிடம் கட்டணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சமவெளியில் காற்றாலைகள் காடாகிவிட்டன. ஒவ்வொன்றும் சர்ச் கோபுரத்தைப் போல மூன்று மடங்கு. இப்போது கடலுக்குள்ளும் நடுகிறார்கள். பழைய பதினொன்றில் இரண்டுதான் மிச்சம். இரண்டு கிழவர்களும் ஞாயிறு பிற்பகல்களில் காரில் போய்ப் புதியவற்றைப் பார்ப்பார்கள். வில்லஸ் காரிலிருந்து இறங்கிப் போய் வேலைக்காரர்களிடம் கேள்வி கேட்பான். ஐனர் காரிலேயே உட்கார்ந்து, இவர்கள் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லையே என்று புழுங்குவான்.

வில்லஸ் ஒரு செப்டம்பரில், தோட்டத்தில் ஆப்பிள் பொறுக்கும்போது இறந்தான். எழுபது வயது. சவப்பெட்டியின் முன்பக்க வலது மூலையைத் தூக்க ஐனர் வர வேண்டும் என்று ஆஸ்டா கேட்டனுப்பினாள். அது நெருங்கிய உறவுக்காரர்களுக்கான இடம். ஐனர் கறுப்புக் கோட்டு போட்டு, தாடையைச் சிரைத்து, அரை மணி நேரம் முன்பாகவே போய்விட்டான். சர்ச் நிரம்பி, வெளியே புல்லிலும் ஆட்கள் நின்றார்கள். ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார்கள். பெரிய கம்பெனியின் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது. போதகர் காற்றைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நுனி பிரேக்கைப் பற்றியும் சொன்னார், பெயரோடு சொன்னார். ஆனால் டொஃப்ட் என்பதை டொஃப்டே என்று தப்பாக உச்சரித்தார்.

பெட்டி கனமாக இருந்தது. குழியருகே கயிற்றை விட்ட பிறகும் ஐனர் நகரவில்லை. ஆஸ்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் அவருக்குத் தினமும் உங்கள் பேச்சுதான் என்றாள். அவனுக்குள் எழுந்தது துக்கமா அந்தப் பழைய காந்தலா என்று பிரித்துப் பார்க்கிற வயது தாண்டிவிட்டது.

காரில் திரும்பும்போது குட்ரூன்தான் ஓட்டினாள். ஓலுஃபின் வயல் வளைவு நெருங்கியது.

“முந்நூறு பேர் இருப்பாங்க,” என்றான்.

“அதுக்கு மேலயும் இருக்கும்,” என்றாள் அவள்.

“எனக்கு எத்தன பேரு வருவாங்க?”

குட்ரூன் கியரை மாற்றி, வளைவில் மெதுவாகத் திருப்பி, நேரானதும் சொன்னாள்: “அது அன்னைக்கு அடிக்கிற காத்தப் பொறுத்தது.”

ஐனர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிறிது தூரம் போனதும் அவன் தோள்கள் குலுங்குவதைக் குட்ரூன் பார்த்தாள். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவள் கேட்கவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.